மிச்சம் வைத்த விறகு

ஆர்லிஸ் ட்வெட் நோர்டால் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்ட கை. தட்டில் எதையும் மிச்சம் வைக்க விடமாட்டாள். அப்படியும் மிஞ்சினால் கொட்டவும் விடமாட்டாள், யாருக்காவது ஆகும் என்று மூடி எடுத்து வைப்பாள். அந்தக் குணத்தை ஊரில் மெச்சாதவர்கள் கிடையாது. பிற்பாடு அவளைப் பிடித்து ஆட்டியதும் அதே குணம்தான்.

அவள் கணவர் வெர்லின், தானியக் கிடங்கில் இயந்திரம் பழுது பார்த்தவர். வருஷம் முழுக்க இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஆடம்பரம்தான். ஜூலை மூன்றாம் வாரம் டோல்சன் ஏரிக்கரை ஸ்டேட் பார்க்கில் பதினெட்டாம் எண் இடத்தில் கூடாரம் போடுவது. அந்த இடத்துக்காக நான்கு மாதம் முன்பே, குறித்த நாளில் காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் ஆளுக்கொரு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருவார்கள். வெர்லினுக்கு அது மீன் பிடிப்பதைவிடப் பதற்றமான வேலை. "தட்டு, தட்டு, போயிரும்" என்பார். "தட்டிட்டேன், நீ மூச்சு விடு" என்பாள் ஆர்லிஸ்.

பதினெட்டாம் எண்ணின் மதிப்பு அங்கே நின்ற ஆஷ் மரங்களில் இருந்தது. பதினோரு மரம். நாள் முழுக்க வெயில் கூடாரத்தின் மேல் விழாது. தண்ணீர் நாற்பது எட்டில். காலையில் வெர்லின் தூண்டிலில் அட்டையைக் கோத்துக்கொண்டு வால்ஐ மீனுக்குப் படகில் போவார். ஆர்லிஸ் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பாள். மற்ற ஐம்பத்தொரு வாரமும் அவள் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பூங்கா வாசலில் பெரிய பலகை இருந்தது, வெளி விறகு கொண்டு வரக்கூடாது என்று. மரத்தைத் தின்னும் பச்சை வண்டு விறகோடு ஊர் விட்டு ஊர் போகிறது என்று காரணமும் போட்டிருந்தது. வெர்லின் அதைப் பொருட்படுத்தியதில்லை. அலுவலகத்தில் விற்கும் கட்டு விறகு ஈரம், எரியாது, கண்ணைக் கரிக்கும் என்பது அவர் கட்சி. தன் கொல்லையில் தானே பிளந்து, தானே காய வைத்த விறகைத்தான் அவர் நம்புவார். அவர் மட்டுமா, நோர்டாலிலிருந்து வரும் பாதிப் பேர் அப்படித்தான் கொண்டு வந்தார்கள். அந்த வருஷம் அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் ஆஷ் மரம் உச்சியில் மொட்டையாகிப் போயிருந்தது. அதை வெட்டிப் பிளந்து, பிக்கப் வண்டியில் போர்வைகளுக்கு அடியில் அடுக்கிக் கொண்டு போனார்கள்.

வாசலில் சீட்டுக் கொடுத்த பெண் குனிந்து, "விறகு ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

வெர்லினுக்குப் பொய் வராது. ஏதோ தேடுகிறவர் போல முன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஆர்லிஸ்தான் அவர் தோளுக்கு மேலாக எட்டி, "இல்லம்மா, மெத்தை தலகாணிதான்" என்றாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நெருப்பில் போட எடுத்த கட்டையிலிருந்து பட்டை கையோடு வந்துவிட்டது. உள்பக்கம் முழுக்க, மாவில் விரலால் இழுத்த மாதிரி, வளைந்து வளைந்து கோடுகள்.

"இங்க பாரு வெர்லின், யாரோ உக்காந்து எழுதிப் பாத்த மாதிரி இருக்கு."

"புழு" என்றார் அவர், தூண்டில் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அழகாக இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நெருப்பில் போட்டாள்.

கிளம்புகிற அன்று விறகு கொஞ்சம் மிஞ்சியது. வெர்லின் அதைத் திரும்ப வண்டியில் ஏற்றப் போனார்.

"அத எதுக்கு ஏத்தற? வீட்ல விறகுக்குப் பஞ்சமா?"

"கொண்டு வந்ததே திருட்டுத்தனம். வச்சிட்டு வேற போகச் சொல்றியா?"

"அடுத்து வர்றவங்க எரிச்சுக்கட்டுமே. போன வருஷம் நாம மழையில வந்து எறங்கினப்ப யாரோ வச்சிட்டுப் போனதுதான நமக்கு உதவுச்சு?"

வெர்லின் விறகைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஓர் ஆஷ் மரத்தடியில் மழை படாமல் அடுக்கி வைத்தார். முகாம் போடுகிறவர்களுக்குள் அது ஒரு மரியாதை. மிச்ச விறகை அடுத்தவனுக்கு விட்டுப் போவது, கிணற்றடியில் அடுத்த ஆளுக்கு ஒரு குடம் இறைத்து வைத்துவிட்டுப் போவது மாதிரி. எரித்த விறகால் கெடுதல் இல்லை. எரிக்காமல் வைத்ததுதான் வினை. அது அப்போது அவளுக்குத் தெரியாது.

எட்டு வருஷம் கழித்து, குளிக்கும் கட்டடத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது, புதிதாக மாட்டியிருந்த பலகையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பட்டைத் துண்டைப் பார்த்தாள். அதே கோடுகள். டோல்சன் ஏரியில் பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதி, கீழே ஒரு வரைபடம். வண்டு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கலாம் என்று கணக்கு. முதலில் தாக்கிய இடம் என்று சிவப்பு வட்டம் போட்டிருந்தது, பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வரையுள்ள இடங்களைச் சுற்றி. பின்னால் நின்ற பெண்மணி, "உள்ள போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். ஆர்லிஸ் சோப்பையும் துண்டையும் பிடித்துக்கொண்டு குளிக்காமலே திரும்பி வந்தாள்.

வெர்லினிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேருமாக அலுவலகத்துக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, இப்படி நடந்தது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவள் கூடாரத்துக்குத் திரும்பியபோது வெர்லின் அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் இலை மெலிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். நாளைக்கு என்பது நான்கு வருஷம் ஆயிற்று.

அந்த நான்கு வருஷமும் வெர்லினுக்கு ஒரே பேச்சு. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "பட்டணத்துக்காரன் எவனோ நாலு கட்டை விறகக் கொண்டு வந்து போட்டான், நமக்கு முந்நூறு மரம் போச்சு" என்பார். செயின்ட் பால் பட்டணத்தில்தான் முதலில் வண்டு வந்தது, அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று அடித்துச் சொல்வார்.

ஒருமுறை ஆர்லிஸ், "நாமளுந்தான் கொண்டு வந்தோம்" என்று மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்மது கொல்லை மரம். என் கையால பொளந்தது. சுத்தமான விறகு" என்றார் அவர். அதோடு அவள் வாயில் கொழுக்கட்டை.

மூன்று வருஷத்துக்கு முந்தின அக்டோபரில் மரங்களை வெட்டினார்கள். அதற்கடுத்த ஜூலையில் அவர்கள் போய் இறங்கியபோது பதினெட்டாம் எண் வெறும் பொட்டலாக இருந்தது. பதினோரு அடிமரம், வட்ட வட்டமாக. காப்பியோடு உட்கார இடம் தேடி ஆர்லிஸ் நாற்காலியை நான்கு தடவை நகர்த்தினாள். கடைசியில் வண்டியின் நிழலில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்தில் இருபதாம் எண்ணில் நான்கு வருஷமாக வருகிறவர்கள் ஸெங் லோரும் அவர் மனைவி மாய் யீயும். லாவோஸிலிருந்து குடியேறிய ஹ்மாங் மக்கள், செயின்ட் பாலிலிருந்து வருகிறவர்கள். ஸெங் லோர் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிறவர். அவருக்கும் வெர்லினுக்கும் பேச்சு அதிகமில்லை. ஆனால் ஒரு ஏற்பாடு உண்டு. வெர்லின் தன் மீன்களின் தலைகளை எல்லாம் தனி வாளியில் போட்டு அவருக்குக் கொடுத்துவிடுவார். அதில் மாய் யீ எலுமிச்சைப் புல்லும் மிளகாயும் போட்டு ஒரு சாறு வைப்பாள். ஆர்லிஸுக்கு ஒரு கிண்ணம் வரும். அவள் கண்ணில் நீர் வழிய வழியக் குடித்துவிட்டு, "கொஞ்சம் காரம்தான், பரவாயில்ல" என்பாள். மாய் யீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மூன்றாம் நாள் முற்பகல். மீன் கழுவும் கொட்டகையில் ஐந்து பேர். வெர்லின், ஸெங் லோர், அயோவாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர், படகுத்துறை வேலையாள் ஒருவர். ஆர்லிஸ் மீன் துண்டுகளை வாங்கிப் போகப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். வெயில் கொளுத்தியது.

"வெர்லின், அது மீனா, இல்ல தூண்டிலுக்கு வச்ச எரையா?" என்றான் அயோவா அண்ணன்.

"உங்க ஊர்ல இத மீன்னு ஒத்துக்குவாங்க. ஏரியே இல்லாத ஊர்க்காரன் எல்லாம் எனக்கு அளவு சொல்ல வந்துட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸெங் லோரும் சிரித்தார்.

தம்பிக்காரன் வெளியே எட்டிப் பார்த்து, "போன தடவை வந்தப்ப இங்க காடு மாதிரி இருந்துச்சு. இப்ப கடைவீதியில வண்டி நிறுத்துற எடம் மாதிரி இருக்கே" என்றான்.

வெர்லினுக்கு அது போதும். கத்தியைக் கீழே வைத்தார். பட்டணத்துக்காரன், நாலு கட்டை, முந்நூறு மரம் என்று வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். வழக்கமாக அது அதோடு முடியும். அன்றைக்கு வெயிலா, வெட்டிய மரங்களை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆற்றாமையா தெரியவில்லை, ஸெங் லோர் பக்கம் திரும்பி, "நீங்க தெனம் அவ்வளவு பெரிய நெருப்பு போடறீங்களே, அந்த விறகெல்லாம் எங்கேர்ந்து வருது?" என்று கேட்டுவிட்டார்.



ஸெங் லோர் மெதுவாகச் சொன்னார். "சாலை முக்குக் கடையில வாங்கினது. வண்டு இல்லன்னு முத்திரை போட்ட கட்டு. ரசீது வண்டியில இருக்கு. வேணும்னா பாக்கறீங்களா?"

"நான் உங்களச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

"இல்ல, இருங்க."

கையைக் கழுவினார். நடந்து போனார். இருநூறு எட்டு இருக்கும் அவர் வண்டிக்கு. போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் ஆர்லிஸ் வாயைத் திறந்திருக்கலாம். அயோவா அண்ணன் தம்பி மீனைப் பார்த்தார்கள். படகுத்துறை ஆள் குழாயைத் திருகித் திருகி மூடினான். அவள் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். 'அது நாங்க' என்று இரண்டு சொல். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகள் கூச்சலிடும் அறையில் ஒரு அதட்டலில் அமைதி கொண்டுவந்த குரல் அவளுடையது. அன்றைக்கு அது எங்கே போயிற்றோ.

ஸெங் லோர் திரும்பி வந்து, ரசீதை ஈர மேஜையின்மேல் விரித்து வைத்தார். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. தாள் நனைந்து எழுத்து ஊறத் தொடங்கியது. அவர் தன் மீனை எடுத்துக்கொண்டு போனார். வெர்லின் சேர்த்து வைத்திருந்த தலைகள் வாளியிலேயே இருந்தன.

நோர்டால் ஊர்க்காரர்களுக்கு மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அதை வாயால் சொல்வதைவிட 'பார்' என்கிற பலகாரத்தை ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். ஓட்ஸும் பழுப்புச் சர்க்கரையும் அடியில், புளிக்கும் ருபார்ப் தண்டு நடுவில், மேலே வெண்ணெய்ப் பொடி. சாவு வீட்டுக்கும் அதுதான், சண்டை போட்ட வீட்டுக்கும் அதுதான். ஆர்லிஸ் வீட்டிலிருந்து ஒரு தகரத் தட்டு நிறையச் சுட்டுக் கொண்டு வந்திருந்தாள். மூன்று துண்டுதான் தீர்ந்திருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குத் தலையை வாரிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு இருபதாம் எண்ணுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனாள். முதல் வாக்கியத்தைக்கூட மனசில் வைத்திருந்தாள்.

மாய் யீ நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஸெங் லோர் தூண்டில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வெயில் சாஸ்தியா இருக்கு" என்றாள் ஆர்லிஸ்.

"ஆமா" என்றாள் மாய் யீ.

"நாளைக்கு மழை வருமாம்."

"வந்தா நல்லதுதான்."

"இது எங்க தோட்டத்து ருபார்ப். உங்களுக்குப் புளிக்குமோ என்னவோ."

"எங்களுக்குப் புளிப்புப் புடிக்கும்."

ஸெங் லோர் அப்போதுதான் நிமிர்ந்தார். "உங்க வீட்டுக்காரர் மரத்து மேல ரொம்ப ஆசை வச்சிருந்தார். எனக்குப் புரியுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி. உள்ளே போக ஓர் எட்டுதான் வைக்க வேண்டும். அவள், "ஆமா, ரொம்ப வருஷமா வர்றோம் இல்லையா" என்றாள். பிறகு கொசுவைப் பற்றிப் பேசினாள். பிறகு எழுந்து, போகிறேன் என்று சொல்லி, இன்னும் கால் மணி நேரம் நின்றபடியே பேசிவிட்டு வந்தாள்.

"போயிட்டு வந்தியா?" என்றார் வெர்லின். "நல்லதாப் போச்சு. நான் ஒண்ணும் அந்த மனுஷனச் சொல்லல."

"நீ அவரத்தான் சொன்ன."

அவர் குனிந்து தூண்டில் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலை அவள் காப்பி போட எழுந்தபோது இருபதாம் எண் காலியாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் பாக்கி அவர்களுக்கு. நெருப்புக் குழியில் சாம்பலைக்கூட அள்ளிச் சுத்தம் பண்ணியிருந்தார்கள். ஒரு சுள்ளி விறகு மிச்சமில்லை. ஆர்லிஸின் சாப்பாட்டு மேஜைமேல் தகரத் தட்டு, பளபளவென்று கழுவி. வெறும் தட்டாகத் தரவில்லை. வெள்ளரிக்காயும், ஈரத்துணி சுற்றிய ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் வைத்திருந்தார்கள். தன்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

வண்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். சீட்டுக் கொடுக்கும் ஆள், "அவங்க போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சே. ஏதாவது விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றான்.

"இல்ல. நாங்கதான்" என்றாள் அவள். அவனுக்குப் புரியவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

கடைசி நாள் ஏரியைச் சுற்றி நடப்பது அவர்கள் வழக்கம். நான்கு மைல். வெர்லினுக்கு முழங்கால் சரியில்லை. ஒரு கழியை ஊன்றிக்கொண்டு வந்தார். முதல் மைலில் அவள் சொல்லிவிட்டாள். பட்டை, கோடு, பலகை, சிவப்பு வட்டம், நான்கு வருஷம், எல்லாவற்றையும். நடந்துகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அது வேற ஏதாவது புழுவா இருக்கும்" என்றார் வெர்லின்.

"இல்ல."

"கொல்லை மரம் அது."

"கொல்லை மரத்துக்கு வரக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? உச்சி மொட்டையாப் போச்சுன்னுதான வெட்டின?"

அரை மைல் வெர்லின் கழியை ஊன்றி முன்னால் நடந்தார். ஏரி தெரியும் மேட்டில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் ஒரு லூன் பறவை முங்கிப் போய்த் தூரத்தில் எழுந்தது.

"எவ்வளவு வச்சிட்டு வந்தோம் அன்னிக்கி?" என்று கேட்டார், தனக்குத்தானே மாதிரி.

"பத்துப் பன்னண்டு இருக்கும்."

"எட்டு" என்றார் வெர்லின்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மரத்தடியில் அடுக்கிய விறகை ஒரு மனிதன் எண்ணி ஞாபகம் வைத்திருந்தால் அது எதற்காக? அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு சத்தமாகப் பட்டணத்துக்காரனைத் திட்டியதெல்லாம் எதை அமுக்க என்று மட்டும் அப்போது விளங்கியது. ஒரே கூடாரத்துக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே விஷயத்தைக் கட்டிக் காத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் போய்ச் சொன்னார்கள். நிர்வாகி அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "உங்களோடதா, வேற யாரோடதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். ஸெங் லோரின் முகவரியைக் கேட்டதற்கு, கொடுக்க அனுமதியில்லை, வேண்டுமானால் கடிதம் தாருங்கள், அனுப்பி வைக்கிறோம் என்றாள். ஆர்லிஸ் அங்கேயே நின்று எழுதினாள். கீழே வெர்லினும் கையெழுத்துப் போட்டார். நோர்டால் முகவரியைப் பெரிதாக எழுதினாள். கடிதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் பதில் எழுத மனசில்லையா, தெரியாது. அடுத்த ஜூலையில் இருபதாம் எண் கம்பத்தில் மாட்டிய முன்பதிவுச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதற்கடுத்த ஜூலையில் இன்னொரு பெயர்.

இப்போது யாராவது, "இங்க இருந்த மரமெல்லாம் எங்க?" என்று கேட்டால் வெர்லின் வாயைத் திறப்பதில்லை. ஆர்லிஸைப் பார்ப்பார். அவள் சொல்லிவிடுவாள், "நாங்கதான் கொண்டு வந்திருக்கணும், எங்க விறகுல" என்று. பெரும்பாலும் சிரிக்கிறார்கள். "ஆமாமா, குத்தத்த எல்லாம் நீங்களே எடுத்துக்கோங்க" என்பார்கள். சிலர், "பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தான் விற்க வந்த சரக்கை ஒருவரும் வாங்காத மாதிரி அவளுக்கு இருக்கும்.

இந்த வருஷம்தான் ஒருவன் சிரிக்கவில்லை. இருபதாம் எண்ணுக்கு வந்தவன், சிவந்த முகம், கைக்குழந்தையை வெயிலுக்குத் துணியால் மூடித் தோளில் போட்டிருந்தான். முழுக்கக் கேட்டான்.

"வாசல்ல கேட்டிருப்பாங்களே? விறகு இருக்கான்னு?"

"கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

"பொய் சொன்னீங்க."

"ஆமா."

"எங்கப்பா என்னை இங்க கூட்டிட்டு வருவார். இங்க இருந்த மரத்துலதான் ஊஞ்சல் கட்டுவார்" என்றான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். அந்த வாரம் முழுக்க அவர்கள் பக்கம் திரும்பவில்லை. காலையில் தண்ணீர்க் குழாயடியில் எதிர்ப்பட்டபோதும் தலையை அசைக்கவில்லை.

"அவன் சொன்னதுல தப்பில்ல" என்றார் வெர்லின்.

"இல்லதான்" என்றாள் ஆர்லிஸ். வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தைகளை இந்தப் பையனிடம் வாங்கி என்ன பிரயோசனம்? அன்றைக்கு மீன் கொட்டகையில், அந்த நான்கு பேருக்கு முன்னால், ஸெங் லோர் வாயால் வாங்கியிருக்க வேண்டியவை அவை. அப்போது வாங்கியிருந்தால் ஒரு மனிதர் வெயிலில் வண்டி வரைக்கும் நடந்து போகாமல் இருந்திருப்பார்.

வண்டி நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.